நாடிக்கு ஒரு கதவு

நான் ஸ்கூட்டி ஓடப் பழகியது முப்பத்தொன்பது வயதில். கீரிமலைக்கு, இறந்தவர்களின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்ய வருகிறவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு மண்டபத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. காலை ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்க வேண்டும். உடுவிலிலிருந்து அந்த நேரத்துக்கு என்னைக் கொண்டுபோய் விடக்கூடிய பஸ் கிடையாது. என் கணவர் மேசன். அவருடைய வேலை பெரும்பாலும் எதிர்ப்பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இந்த வயதில் வேறு வேலை யார் தரப்போகிறார்கள்? ஸ்கூட்டி ஓடினால் வேலை இருக்கும், ஓடாவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

ஆனால் நான் பயந்த பிறவி. சுன்னாகம் வரை போன பிறகு, அடுப்பை நூர்த்தேனா, அது அணைந்ததா என்று பார்க்க வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். நான் ஓடத் தொடங்கி இரண்டு மாதத்தில் மச்சாள், என் கணவரின் தங்கை, மல்லாகத்தில் நாய் குறுக்கே பாய்ந்ததில் தன் ஸ்கூட்டியோடு விழுந்தாள். அவள் போட்டிருந்தது முகம் திறந்த அரை ஹெல்மெட். தலைக்கு ஒன்றும் இல்லை. நாடி, அதுதான் மோவாய், தார் ரோட்டில் அடிபட்டுத் தாடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அவளுக்கு வடித்த கஞ்சியும் சூப்பும் குழாயால் குடிக்கக் கொடுத்தது நான்தான். ஒவ்வொரு முறையும் என் கை தானாக என் நாடியைத் தடவிப் பார்க்கும்.

என்னிடம் இருந்ததும் அதே அரை ஹெல்மெட். முழுமுகம் மூடுவதை வாங்கலாம் என்றால் எனக்குக் கண்ணாடி. அதைப் போடும்போது கண்ணாடி காதிலிருந்து கழன்றுவிடும். போட்ட பிறகு கிணற்றுக்குள் தலையை விட்டது போல மூச்சு முட்டும். யாழ்ப்பாண ரவுணில் ஒரு ஹெல்மெட் கடையில் இதைச் சொன்னேன். கடைக்காரர் ஐம்பது தாண்டியவர். மேல்தட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"தங்கச்சி, உங்களைப் போல ஆக்களுக்குத்தான் இது. நாடிக்கு ஒரு கதவு இருக்கு, பாருங்கோ."

நாடிக்கு நேரே ஒரு சிவப்புப் பொத்தான். அதைப் பெருவிரலால் அமத்தித் தூக்கினால், நாடிப் பகுதியும் முன் கண்ணாடியும் சேர்ந்து நெற்றிக்கு மேலே போய் நிற்கும். முகம் முழுவதும் வெளியே. மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே தலையில் இறக்கலாம், பிறகு கதவைக் கீழே இழுத்து மூடலாம். இடப்பக்க விளிம்பில் இருக்கும் சின்ன நெம்பைத் தள்ளினால் உள்ளே இருந்து கறுப்புக் கண்ணாடி ஒன்று இறங்கும், மத்தியான வெயிலுக்கு. உள்ளே கன்னத்துப் பஞ்சுகளைக் கழற்றித் தோய்க்கலாம். நெற்றியிலும் நாடியிலும் காற்று வரத் துளைகள். நாடிக்குக் கீழே கட்டும் நாடாவுக்குப் பற்கள் உள்ள கொளுக்கி. கையுறையோடும் பூட்டலாம்.

பின்பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னத் தாளைக் காட்டினார். பி என்றும் ஜே என்றும் இரண்டு எழுத்து.

"பி எண்டால் மூடினாப்பிறகு நாடியைக் காக்குமெண்டு சோதிச்சது. ஜே எண்டால் திறந்தபடியும் ஓடலாம். ரெண்டும் இருக்கிறதைத்தான் வாங்கவேணும். சிலது பாக்க இதைப்போலவே இருக்கும், நாடிக் கதவு சும்மா வடிவுக்கு."

"அண்ணை, விழேக்கை இந்தக் கதவு திறந்து போகாதோ?"

"ரெண்டு பக்கமும் இரும்புக் கொளுக்கி இருக்கு. மூடேக்கை ரெண்டு டிக் கேக்கவேணும். ஒரு டிக் கேட்டால் பூட்டேல்லை எண்டு அர்த்தம். அதை மறந்து போகாதேங்கோ."

மறப்பதா? அன்றிரவு முழுக்க அந்த டிக் டிக்தான் என் காதில். அதன் பாரம்தான் ஒரே குறை. முதல் கிழமை கழுத்து நொந்தது. என் கணவர் பார்த்துவிட்டு, "இஞ்சேர், நீ கீரிமலைக்குப் போறியோ, சந்திரனுக்குப் போறியோ?" என்றார்.

புதுச் சாமான் என்றால் பிள்ளையாருக்குக் காட்டாமல் நான் தொடமாட்டேன். ஸ்கூட்டியைக் கொண்டுபோய்க் காட்டியது போலவே ஹெல்மெட்டையும் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். எங்கே சந்தனம் வைப்பது என்று ஐயர் கேட்டார். "நாடிக்குத்தான் ஐயா" என்றேன். எனக்குப் பயம் அந்த இடத்துக்குத்தானே. அதற்குப் பிறகு தினமும் வெளிக்கிடும் முன் சாமி அறையில் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, மூன்று விரலால் ஹெல்மெட்டின் நாடிக் கதவுக்கும் பூசுவேன். வெளியே பூசினால் காற்றில் பறந்துவிடும் என்று, கதவைத் தூக்கிவிட்டு உள் விளிம்பில், இரண்டு பக்கமும் வந்து பொருந்தும் இடத்தில் பூசினேன். வெள்ளிக்கிழமையில் சந்தனமும் சேரும்.

இன்னொன்றும் செய்தேன். உடுவிலிலிருந்து கீரிமலை வரை ரோட்டோரம் கோயில்களுக்குக் குறைவில்லை. பெரிய கோயில்களை விடுங்கள், அரசமரத்தடியில் சூலம் மட்டும் நட்டிருக்கும் வைரவர்கூட இருக்கிறார். முகத்தை மூடிக்கொண்டு சாமியைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு கோயிலடியிலும் வேகத்தைக் குறைத்து, இடக்கையால் பொத்தானை அமத்திக் கதவைத் தூக்கி, ஒரு சொல் கும்பிட்டுவிட்டு மறுபடி மூடுவேன். எண்ணிப் பார்த்தால் போக ஒன்பது, வர ஒன்பது. கடைக்காரர் ஜே என்று சொன்னபடியால் திறந்து ஓடுவதில் பிழை இல்லை என்று நினைத்தேன்.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தெல்லிப்பழையில் அம்மன் கோயிலடியில் தூக்கிவிட்டு மூடினேன். ஒரு டிக்.

மறுபடி தூக்கி மூடினேன். ஒன்றுதான். ஓரமாக நிற்பாட்டிப் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். வலப்பக்கம் பொருந்தியிருந்தது. இடப்பக்கம் நகம் போகுமளவு நீக்கல். கையால் இழுத்தேன், கதவு ஆடியது. மச்சாளின் வாயில் கட்டியிருந்த கம்பி என் கண்ணுக்குள் வந்தது. மீதித் தூரம் முழுவதும் நடக்கிற வேகத்தில் போனேன். சைக்கிளில் போன ஒரு ஐயா என்னை முந்திக்கொண்டு, திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

மண்டபத்துக்குப் போக ஆறரை. அன்றைக்கு மூன்று வீட்டு அந்தியேட்டி. எங்களை மேய்க்கிற முகாமையாளர் சோற்றுப் பானையடியில் தானே நின்றார்.

"கிரியைக்கு வந்த சனம் பசியோடை நிக்குது. நாளைக்கும் இப்பிடி எண்டால் நான் வேறை ஆளைப் பாக்கிறன். கோவிக்காதேங்கோ."

கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது. ஓம் என்றேன்.

பின்னேரம் அதே வேகத்தில் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். கணவர் கதவை ஆட்டிப் பார்த்தார். "ஒரு கயித்தாலை இறுக்கிக் கட்டிப்போட்டு ஓடன்."

"கட்டினால் பிறகு விழுந்து கிடக்கேக்கை ஆர் அவிழ்க்கிறது? மூச்சு முட்டிச் சாகிறதே?"

"விழ முந்தியே சாக வெளிக்கிட்டிட்டாய்."

மச்சாள் வேலியடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாடை பொருந்தியும் அவளுக்குச் சிரிப்பு இப்போதும் கொஞ்சம் ஒரு பக்கம்தான். "என்ரை பழைய தொப்பி கிடக்கு, தரட்டே மச்சாள்? நாடிதானே போகும், தலை மிஞ்சும்."

சிரிக்க முடியவில்லை. ஹெல்மெட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரவுணுக்குப் பஸ் ஏறினேன். அன்றைக்குச் சரிவராவிட்டால் மறுநாள் நான் ஓடமாட்டேன் என்பது எனக்குத் தெரியும். ஓடாவிட்டால் வேலையும் போய்விடும். வழி முழுக்க அதை மடியில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த பெண் இருக்கை மாறிவிட்டார்.

கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கதவைத் தூக்கி, இடப்பக்கக் கொளுக்கி விழும் குழிக்குள் ரோச் லைற் அடித்துப் பார்த்தார். பிறகு ஒரு தடித்த ஊசியை எடுத்துக் குத்தினார். வெள்ளையாகக் கட்டி கட்டியாக மேசையில் கொட்டியது. ஒன்றை எடுத்து விரலால் நசித்து மணந்தார்.

"தங்கச்சி, இது திருநூறு."

அடுத்த கட்டியையும் எடுத்து நசித்தார்.

"சந்தனமும் கிடக்கு. உதுக்குள்ளை என்ன, கோயிலே நடத்துறியள்?"

காரணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பழைய பல்துலக்கியை வெந்நீரில் தோய்த்துத் தேய்த்தார். வேர்வையும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து அது கல்லாகிவிட்டது, குழி நிரம்பியதால் கொளுக்கி உள்ளே இறங்கவில்லை என்றார். வலப்பக்கத்திலும் பாதி நிரம்பியிருந்தது. நான் காக்கச் சொல்லிப் பூசிய இடம்தான் அது. எத்தனை நாள் இப்படி ஓடினேனோ.

"எண்ணெய் விடட்டே அண்ணை?"

"எண்ணெய் விட்டால் புழுதி ஒட்டும். துடைச்சால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம். இன்னுமொண்டு. ஓடேக்கை ஒரு கையாலை இழுத்து மூடுறியளோ?"

"கோயிலடியிலை..."

"எத்தினை கோயில்?"

"ஒன்பது."

தலையைச் சொறிந்தார். "ஒரு கையாலை இழுத்தால் ஒரு பக்கம் முதல் கொளுவும், மற்றப் பக்கம் கொளுவினதோ எண்டு தெரியாது. நிண்டு, நாடிக்கு நடுவிலை அமத்தி மூடவேணும். ஒன்பது இடத்திலை நிண்டால் நீங்கள் மத்தியானந்தான் போய்ச் சேருவியள். வீட்டிலை மூடுங்கோ, போய் இறங்கித் திறவுங்கோ."

"திருநூறு?"

"உங்கடை நெத்தியிலை பூசுங்கோ. நெத்தியும் ஹெல்மெட்டுக்குள்ளைதானே இருக்கு."

மூடிக் காட்டினார். டிக், டிக். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. இன்னுமொருக்கா என்றேன். அவர் பதினைந்து தடவை வரை பொறுமையாக மூடினார். அதற்குப் பிறகு ஹெல்மெட்டை என் கையில் தந்து, "இனி நீங்களே இருந்து மூடுங்கோ, எனக்குக் கடை பூட்டவேணும்" என்றார்.

வீட்டில் கதையைக் கேட்ட கணவர் அந்தக் கட்டி ஒன்றைக் கேட்டார். எதற்கோ தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "சீமெந்திலும் பார்க்க நல்லாப் பிடிச்சிருக்கு. நாளையிலை இருந்து என்னோடை பூச்சு வேலைக்கு வா" என்றார்.

அன்றைக்கே பிள்ளையார் கோயிலுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், நாளையிலிருந்து மூடிய முகத்தோடுதான் கோயில்களைக் கடந்து போவேன், குறை நினைக்கக் கூடாது என்று.

மறுநாள் கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் ஹெல்மெட்டைத் தொட்டேன். வாசலில் நின்று நடுவில் அமத்தினேன். இரண்டு டிக். சரியாகக் கேட்டதா என்று திறந்து இன்னொரு முறை. சுன்னாகத்தில் முதல் கோயில் வந்தபோது இடக்கை தானாக எழும்பியது. திரும்பக் கைபிடிக்குக் கொண்டுவந்தேன். தெல்லிப்பழை அம்மனடியில் இரண்டு கையாலும் பிடியை இறுக்கிக்கொண்டேன். வைரவரைக் கடக்கும்போது தலையை மட்டும் குனிந்தேன், பாரத்தில் அது தேவையை விட அதிகமாகவே குனிந்தது.

மண்டப வாசலில் இறங்கித்தான் கதவைத் தூக்கினேன். ஆறு மணிக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. முகாமையாளர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கடற்காற்று முகத்தில் பட்டது. கீரிமலைச் சிவன் கோயில் பக்கம் திரும்பி, வழியில் விட்டுவிட்டு வந்த ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரேயடியாகக் கும்பிட்டுவிட்டு, பூசணிக்காய் வெட்டப் போனேன்.