ஒசாகாவில் அம்மா தமிழ் கதைத்த நாள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டின் வெளியுறவு அமைச்சர் நான்தான். பிரெஞ்சு பேசும் மொன்றியலில், டொலார்-டே-ஓர்மோ என்ற புறநகரில் எங்கள் வீடு. அப்பா வேலைக்குப் போய்விட்டால், வெளியுலகத்திலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் என் வழியாகத்தான் அம்மாவிடம் போய்ச் சேரும். தெருமுனைக் கடையில் பால் வாங்குவது, பல் வைத்தியரிடம் நேரம் குறிப்பது, என்னைப் பற்றி என் ஆசிரியை சொல்லும் குறைகளை அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது எல்லாம் என் பொறுப்பு. கடைசியாகச் சொன்ன வேலையை மட்டும் நான் கொஞ்சம் சுருக்கமாகச் செய்வேன்.

அம்மா நான் பிறப்பதற்கு முன்பே கனடாவுக்கு வந்தவர். வீட்டுக்குள் வாய் ஓயாமல் கதைப்பார். தொலைபேசியில் அவர் சிரிப்பது நிலவறை வரைக்கும் கேட்கும். ஆனால் வாசலைத் தாண்டினால், பிரெஞ்சில் வணக்கத்துக்கு 'போன்ஜூர்', நன்றிக்கு 'மெர்சி' இரண்டோடு சரி. அதற்கு மேல் யாராவது ஒரு கேள்வி கேட்டால் உடனே என் தோளில் அவருடைய கை வந்து விழும். 'நீ சொல்லு' என்று அதற்கு அர்த்தம்.

அந்த வருடம் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, மெல்பேர்ணில் கலியாணம். அப்பா இரவிரவாகக் கணினியில் தேடிப் பிடித்த பயணச்சீட்டு, எங்களை யப்பானில் ஒசாகா நகரத்தில் இறக்கிவிட்டு, அடுத்த நாள் இரவுதான் மறுபடி ஏற்றும். நகரத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்று அப்பா பெருமையாகச் சொன்னார். இறங்கியதும் அவருக்கே காய்ச்சல் வந்துவிட்டது. காலையில் ஹோட்டல் அறையில் போர்வைக்குள் இருந்தபடி, "வேணுமெண்டா வாசலில நிண்டு பாத்திட்டு வாங்கோ" என்றார்.

நாங்கள் வாசலில் நிற்கவில்லை. "வந்தது வந்திட்டம், சுத்திப் பாத்திட்டு வருவம்" என்று அம்மா சப்பாத்தைப் போட்டார். நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். எனக்கு ஆங்கிலம் தெரியும், பிரெஞ்சு தெரியும், பிறகென்ன பயம்?

ஒசாகா எங்களை எடுத்த எடுப்பில் விழுங்கிவிட்டது. ரயில் நிலையத்தில் ஆட்கள் வெள்ளம்போல வந்தார்கள், ஆனால் ஒருவரும் ஒருவரையும் இடிக்கவில்லை. கூரை போட்ட கடைத்தெரு ஒன்று முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போனது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மெழுகில் செய்த நூடில்ஸும் பொரித்த இறாலும் நிஜத்தைவிட நிஜமாக இருந்தன. சனத்துக்கு நடுவே சைக்கிள்கள் மணி அடித்துக்கொண்டு நழுவின.

நான் என் வேலையைத் தொடங்கினேன். ஒரு கடைக்காரப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் வழி கேட்டேன். அவள் குனிந்து வணங்கி, இரண்டு கைகளையும் பெருக்கல் அடையாளம்போல வைத்துக் காட்டினாள். இன்னொருவரிடம் பிரெஞ்சில் கேட்டேன். அவரும் குனிந்தார். நானும் குனிந்தேன். மத்தியானத்துக்குள் என் அமைச்சு இழுத்து மூடப்பட்டுவிட்டது.

அதற்குள் அம்மா ஒரு ஊறுகாய்க் கடையின் முன்னால் நின்று, "தம்பி, இதென்ன, கத்தரிக்காயோ?" என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் யப்பானிய மொழியில் நீண்ட விளக்கம் கொடுத்தார். "ஓமோம்" என்று அம்மா தலையாட்டினார். அவர் குச்சியில் ஒரு துண்டைக் குத்தி நீட்ட, அம்மா சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கொஞ்சம் கூட" என்றார். அவரும் அதை ஆமோதித்துச் சிரித்தார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அம்மா, அவைக்குத் தமிழ் விளங்காது!"

"எனக்கும் அவையின்ர பாஷை விளங்காது. அது அவருக்குத் தெரியும்தானே" என்று அம்மா அடுத்த கடைக்குப் போனார்.

நான் கோபத்தில் முன்னால் நடந்தேன். அதனால்தான் அது நடந்தது. நிலையத்தில் ரயில் வந்து நின்றதும் நான் முதலில் ஏறினேன். எங்களுக்கு இடையில் பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து புகுந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது கதவு மூடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா. அவருடைய வாய் என் பெயரைச் சொல்வது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

அடுத்த நிலையத்தில் இறங்கி, ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஹோட்டலின் பெயர் எனக்குத் தெரியாது. எந்த மொழியில் அழுதேன் என்று இப்போது நினைவில்லை. அம்மா அந்த மேடையில் அசையாமல் நிற்பார், யாரிடமும் கேட்கத் தெரியாது, என் தோள்கூட அங்கே இல்லை என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. என்னைவிட அவர்தான் தொலைந்துபோனவர் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது வெள்ளைக் கையுறை போட்ட நிலைய ஊழியர் ஒருவர் ஓடி வந்தார். என்னைப் பார்த்து, தன் மார்பளவு உயரத்தில் கையை வைத்து ஏதோ கேட்டார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, 'இங்கேயே நில்' என்று காட்டினார். நின்றேன். அடுத்த ரயில் வந்தது. கதவு திறந்ததும் அம்மா பாய்ந்து இறங்கினார். அவர் பின்னால், நரைத்த கட்டை முடியும் கையில் மரக்கறிப் பையுமாக, ஒரு யப்பானியப் பெண்மணி.

அம்மா என்னை ஏசவில்லை. என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார்.

"எப்பிடி வந்தனீங்கள் அம்மா?"

"கேட்டு வந்தனான். இந்த அக்காதான் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னவா."

"என்ன பாஷையில கேட்டனீங்கள்?"

"இதென்ன கேள்வி பிள்ளை? தமிழிலைதான். 'என்ர பிள்ளை, என்ர பிள்ளை' எண்டு கத்தினனான்."

நேரே ஹோட்டலுக்குப் போய்விடுவோம் என்று நினைத்தேன். அந்த அக்காவோ எங்களை விடுவதாக இல்லை. எங்களை வெளியே கூட்டிப் போய், குழி குழியான இரும்புத் தட்டில் உருண்டையாக மாவைச் சுட்டெடுக்கும் ஒரு கடையின் முன்னால் நிறுத்தினார். உள்ளே என்ன என்று அம்மா கேட்டதற்கு அவர் பத்து விரல்களையும் நெளித்து நெளித்துக் காட்டினார். "கணவாய்!" என்றார் அம்மா. அது கணவாய் மீன் அல்ல, அதன் எட்டுக்கால் சொந்தக்காரரான ஆக்டோபஸ் என்று பின்னாளில் அறிந்தேன். நான் அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

அவர்கள் இருவரும் கதைத்தார்கள். ஒருவர் தமிழில், ஒருவர் யப்பானிய மொழியில். தம்பியின் கலியாணத்தை அம்மா கழுத்தில் விரலால் தாலி வரைந்து சொன்னார். அக்கா கைதட்டினார். அப்பாவின் காய்ச்சலை நெற்றியில் கை வைத்துச் சொன்னார். உடனே அக்கா எங்களை ஒரு மருந்துக்கடைக்கு இழுத்துப்போய், நெற்றியில் ஒட்டுகிற குளிர்ந்த நீலப் பட்டைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நிலையத்தில் பிரிந்தபோது இருவரும் குனிந்தார்கள். பிறகு அம்மா அது போதாதென்று அவரைக் கட்டிப்பிடித்தார்.

ஹோட்டலில், நெற்றியில் நீலப் பட்டையோடு அப்பா கேட்டார். "பிள்ளைதானே எல்லாம் கதைச்சது?"

"இல்லை, நான்தான்" என்றார் அம்மா. அப்பா பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

பின்னேரம் விமான நிலையத்துக்குப் போகிற ரயிலில் அம்மா யன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "இஞ்சை ஒருத்தரும், இவ்வளவு காலம் இருந்தும் உனக்குப் பாஷை தெரியாதோ எண்டு என்னைப் பாக்கேல்லைப் பிள்ளை."

"யப்பான்காரர் நல்ல ஆக்கள் அம்மா" என்றேன்.

அம்மா என் தலையைத் தடவிவிட்டு மறுபடி யன்னல் பக்கம் திரும்பினார்.

கலியாணம் முடிந்து, மொன்றியலுக்குத் திரும்பி, பனி கரைந்த பிறகு, பெரியவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பொன்றில் அம்மா சேர்ந்தார். பேருந்தில் போக வேண்டும். நானும் வந்து பக்கத்தில் இருக்கிறேன், விளங்காததைச் சொல்லித் தருகிறேன் என்று பெருந்தன்மையோடு சொன்னேன்.

"வேண்டாம் பிள்ளை. நான் பிழை பிழையாய்க் கதைக்கவேணும். நீ பக்கத்தில இருந்தா அது ஏலாது."

அவரை விட்டுவிட்டு ரயிலில் ஏறியதற்கு இன்னும் என்மேல் கோபம் என்றே நான் முடிவு கட்டினேன். முதல் நாள் வகுப்பு முடிந்து அவர் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போய், ஏதோ ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதில் தன் கணவருக்குப் பதிலாகத் தன் குதிரை காரோட்டுகிறது என்று சொல்லிவிட்டதையும், வகுப்பே சிரித்ததையும், ஆசிரியை கண்ணைத் துடைத்ததையும் அப்பாவுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய பிழையைச் செய்துவிட்டு வந்த ஒருவர் எதற்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.