எனக்காக நின்ற லொறி

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் எழுத வந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஜேர்மனியில் எசன் நகரில் இருந்தபோது, ஆட்களைச் சைக்கிளில் போகவைக்க அரசாங்கம் திட்டம் போட்டது. எங்கள் வீதியிலும் சிவப்பு நிறத்தில் சைக்கிள் பாதை வந்தது. நானும் சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கினேன். ஆனால் சந்தியில் வாகனத்தைக் கண்டால் இறங்கி வழிவிடுவேன். பெரிய வாகனத்துக்கு ஒதுங்கியே பழகியவள் நான்.

"நீர் சைக்கிளிலை போறீரோ, சைக்கிளை உலாத்தக் கூட்டிக்கொண்டு போறீரோ?" என்று கணவர் பகிடி பண்ணுவார்.

இப்படி இறங்கி இறங்கிப் பலநாள் பிந்திப் போனதால், இன்னொரு முறை பிந்தினால் வேலை இல்லை என்று நான் வேலை செய்த உணவகத்தின் முதலாளி சொல்லிவிட்டார். மறுநாள் காலையிலேயே, வலது பக்கம் திரும்ப வந்த ஒரு லொறிக்காக இறங்கி நின்றேன். லொறியும் நின்றது. போகச் சொல்லிக் கை காட்டினேன். சாரதியும் அப்படியே கை காட்டினார். பின்னால் வாகனங்கள் சேர்ந்துவிட்டன. அவர் கண்ணாடியை இறக்கினார்.

"நேரே போகிற உங்களுக்குத்தான் முதல் வழி. நீங்கள் போனால்தான் நான் திரும்பலாம்."

ஏறி மிதித்தேன். அவ்வளவு பெரிய லொறி நான் கடக்கும்வரை அசையவில்லை. நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒதுங்கி நிற்பதை மரியாதை என்று நினைத்திருந்தேன். என் வழியில் நான் போவதும் மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதைதான்.

அடுத்த நாள் மழையிலும் சைக்கிளில்தான் போனேன். சிவப்பு விளக்கில் மட்டும் நின்றேன்.