அப்பா தரம் பார்த்த கட்டுரை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அந்தக் கோடையில், எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் ஆதரித்து மூன்று நிமிடமும் எதிர்த்து மூன்று நிமிடமும் என்னால் பேச முடியும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமிருக்கவில்லை. பள்ளி மேடைகளிலும் தமிழ் மன்ற மேடைகளிலும் வென்ற கோப்பைகள், மராத்தி ஊரான காசார்வாடியில் எங்கள் இரண்டு அறை வீட்டின் ஃப்ரிட்ஜ் தலையில் இடித்துக்கொண்டு நின்றன. ஆகவே கல்லூரி விண்ணப்பம், ‘உங்களையும் உங்கள் குடும்பத்தையும் பற்றி ஐந்நூறு சொற்களில் எழுதுக’ என்று கேட்டபோது நான் அஞ்சவில்லை. முன்னுரைக்கே அது போதாதே என்றுதான் வருந்தினேன்.

ஐந்து தனியார் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தேன். நான்கு, ஆசைக்கு. ஐந்தாவதில் மட்டும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிறவர்களுள் சிலருக்கு முழுக் கட்டணச் சலுகை உண்டு. அது கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால், போசரியில் அப்பா வேலை பார்க்கும் பட்டறையின் அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலை. அதற்கும் அப்பா சொல்லி வைத்திருந்தார்.

முதல் நிமிடத்திலேயே அவையின் நெஞ்சைத் தொட வேண்டும் என்பது மேடை எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். தொடுவதற்கு ஏற்ற துயரம் ஏதாவது அகப்படுமா என்று எங்கள் வாழ்க்கையைத் துழாவினேன். அந்த விஷயத்தில் எங்கள் வீடு எனக்குப் பெருந்துரோகம் செய்திருந்தது. வேளாவேளைக்குச் சோறு இருந்தது. தீபாவளிக்கு போனஸ் வந்தது. அப்பா குடிப்பதுகூட இல்லை.

இல்லாத வறுமையை எழுத்தில் ஈட்டினேன். ‘தெருவிளக்கின் ஒளியில் படித்தேன்’ என்று எழுதினேன். தெருவிளக்கு உண்மை, அது சன்னலுக்கு நேரே எரிந்து தூக்கத்தைக் கெடுப்பதால் அம்மா கனத்த திரை தைத்துப் போட்டிருந்தார் என்பதை எழுதவில்லை. ‘பல நாள்கள் ஒரே குழம்பு’ என்று எழுதினேன். வியாழன் போசரிப் பட்டறைகளுக்கு வார விடுமுறை. அன்று அம்மாவும் விடுமுறை எடுத்துக்கொண்டு ஒரே குழம்போடு நிறுத்திவிடுவார். பிறகு, உச்சம் ஒன்று வேண்டும் என்பதற்காக, ‘எழுத்தறியாத என் தந்தைக்கு அவர் பெயரை எழுத நானே கற்றுக்கொடுத்தேன்’ என்று முடித்தேன்.

என் தந்தை பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் முடித்தவர். கடைசல் பாகங்களை அளந்து, தேறியதையும் தேறாததையும் பிரிக்கும் தர ஆய்வாளர். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

பெற்றோருள் ஒருவரோடு நேர்காணலுக்கு வரும்படி ஐந்தாவது கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. வியாழக்கிழமை. “லீவு போட வேண்டாம், நல்லதாப் போச்சு” என்று அப்பா சட்டையைத் தேய்த்தார். கட்டுரையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

மேசைக்கு அப்பால் மூவர் இருந்தனர். நடுவில் இருந்த பேராசிரியை என்னிடம் எதுவும் கேட்பதற்கு முன்பே, என் ஆங்கிலக் கட்டுரையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, அப்பாவிடம் மராத்தியில் பேசினார். கனிவாகத்தான் பேசினார், அதுதான் ஆபத்தாயிற்று. “உங்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது மகள்தானாமே. கேட்கவே பெருமையாக இருக்கிறது.”

அவர் கைக்குக் கீழேயே வருகைப் படிவம் இருந்தது. அதில் சற்று முன்னர்தான் அப்பா ஆங்கிலத்தில், வளைவு சுழிவோடு, கையெழுத்திட்டிருந்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். ஆமாம் என்றால் அவர் போனார். இல்லை என்றால் நான் போனேன். எனக்குத் தெரிந்த இருதரப்பு வாதங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

“அந்தப் பேப்பரக் குடுங்க, மேடம். நான் இன்னும் செக் பண்ணல” என்றார் அப்பா, மராத்தியில். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியையும் பென்சிலையும் எடுத்தார். பட்டறையில் ஒரு பெட்டிப் பாகங்கள் வந்து இறங்கினால் எப்படிக் குனிவாரோ அப்படிக் குனிந்தார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியையும் மெல்லப் படித்தார்.

“வீடு காசார்வாடி. ஓகே.” ஒரு டிக். “தெருவிளக்கு. லைட் இருக்கு, ஆனா படிச்சது உள்ள உக்காந்து. ரீவொர்க்.” திருத்தினால் தேறும் என்று ஒரு வட்டம். குழம்பு வரியில் சற்று நின்று, “வியாழக்கிழமை மட்டும். ரீவொர்க்” என்றார். கடைசி வரிக்கு வந்ததும் குறுக்கே ஒரு கோடு. “ரிஜெக்ட்.”

பிறகு தாளைப் பேராசிரியையிடம் நீட்டினார். “லாட் முழுக்கத் தள்ள வேண்டாம், மேடம். மெட்டீரியல் நல்ல மெட்டீரியல். கடைஞ்ச மெஷினிங்லதான் தப்பு.”

பக்கத்திலிருந்த இளம் விரிவுரையாளர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்து, புரையேறி, எழுந்து வெளியே போனார். பேராசிரியை சிரிக்கவில்லை. “பொய் எழுதியவர்களை இங்கே சேர்ப்பதில்லை” என்றார் என்னிடம். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். “அரை மணி நேரம் தருகிறேன். வெளியே உட்கார்ந்து திரும்ப எழுது. ஒவ்வொரு வரிக்கும் அப்பா டிக் போட்டிருக்க வேண்டும்.”

தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். வாழ்வில் அவ்வளவு கண்டிப்பான நடுவரின் முன் நான் போட்டியிட்டதில்லை.

“ஏட்டி, இதென்ன, ‘என் தந்தையின் தியாகம்’?”

“நைட் ஷிஃப்ட் பாத்தீங்கல்லப்பா, எனக்காக.”

“எல்லாரும்தாம் பாத்தாம். தியாகம் இல்லட்டி, ஷிஃப்ட். ஷிஃப்ட்டுன்னு எழுது.”

எழுதினேன்.

“கோவமாப்பா?”

அவர் பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இருபது வருசமா நாங் கையெழுத்துப் போடாம அந்தக் கம்பெனில ஒரு பீஸ் வெளிய போவாது. அதத்தாம் நீ எழுதிருக்கணும்.” பிறகு, “அந்தக் கொழம்பு வரிய மட்டும் உங்கம்மாட்டச் சொல்லிராத. ரெண்டு பேருக்கும் சோறு கிடைக்காது” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே ஒரு வரியாக எழுதினேன். படித்துப் பார்த்து, இருபதை அடித்து இருபத்திரண்டு என்று திருத்தி, டிக் போட்டார். அரை மணி முடிந்தபோது ஐந்நூறு சொற்களில் நூற்றுக்கும் சற்று அதிகமாகவே தேறியிருந்தன. அணியும் இல்லை, அடுக்குமொழியும் இல்லை. அடியில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. பேராசிரியை நின்றபடியே படித்தார். ‘ஷிஃப்ட்’ என்ற இடத்தில் மட்டும் கண் சற்று நின்றது. “முடிவைத் தெரிவிப்போம்” என்றார்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பிற்பகல் மின்னஞ்சல் வந்தது. அப்பா இரண்டாம் ஷிஃப்ட்டில் இருந்தார். மன்னிப்பில் தொடங்கி நன்றியில் முடியும் சிற்றுரை ஒன்றை மனத்துக்குள் அமைத்துக்கொண்டுதான் அழைத்தேன். எடுத்ததும் இரும்பு அறையும் சத்தம்.

“அப்பா, ஒரு மகளாக நான்...”

“மெஷின் ஓடுதுட்டி. சட்டுனு சொல்லு.”

“கெடச்சிருச்சுப்பா.”

“முழுக் கன்செஷனா?”

“முழுசும்.”

இரும்புச் சத்தம் மெல்லத் தேய்ந்தது, அவர் வெளியே வந்துவிட்டிருந்தார். பிறகு சொன்னார்: “சரி, லெட்டரப் பிரிண்ட் எடுத்து வை. நாங் வந்து ஒவ்வொரு வரியாப் பாத்துட்டுத்தாம் நம்புவேன்.”