குரைத்ததற்குக் கருவாடு

எங்கள் வீட்டு நாய் சிப்பிப்பாறை ரகம். ஒல்லி உடம்பு, நீளக் கால். கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில் இந்த நாயை வைத்திருப்பவர்கள் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று சொல்வதில்லை. யாரைக் கடித்தது என்றுதான் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அதை அப்பா கேட்டவர்களிடம் மட்டும் சொன்னார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரின் பேண்டை நாய் கிழித்ததைக் கேட்காதவர்களிடமும் சொன்னார்.

மிளகாய் வத்தல் வியாபாரியைக் கடித்த அன்று அந்தப் பெருமை நின்றது. முதல் பறிப்பு மிளகாய் களத்தில் காய்ந்து கிடந்தது. தரம் பார்க்க வந்தவர் குனிந்ததுதான் தாமதம், நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அவர் கெண்டைக்காலைக் கவ்வியது. நாய்க்கு ஏற்கனவே தடுப்பூசி போட்டிருந்தோம். அவருக்கும் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பிறகு போனில் நிதானமாகத்தான் பேசினார்.

“அடுத்த பறிப்புக்கு வாரேன் அண்ணாச்சி. நாய் குரைச்சா வாசலோட திரும்பிருவேன். வேற யாவாரியப் பாத்துக்கிடுங்க.”

அப்பா நாயை அடித்தார். பிறகு ஒரு சாக்கை எடுத்து வைத்தார். விளாத்திகுளம் தாண்டி ஏதாவது ஓடையில் விட்டுவிடுவதாகத் திட்டம். கரிசல் காட்டு வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“யாவாரி அடுத்த பறிப்புக்கு வாரது வரைக்கும் விடுங்கப்பா, நான் பழக்குதேன்” என்றேன்.

“படிக்க வச்சது நாய்க்கு வாத்தியாராகத்தானா?”

“உங்களுக்கு வாத்தியாரா இருக்கதுக்கு இது லேசு.”

மறுநாள் காலையில் நாயைப் புதுச் சங்கிலியில் வேப்பமரத்தோடு கட்டினேன். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் தெருமுனையில் தெரிந்ததும், அது குரைக்கத் தொடங்கும் முன்பே, ஒரு துண்டு கோழி ஈரல். அவர்கள் மறைந்ததும் ஈரலும் நின்றுவிடும். ஆள் வந்தால் நமக்கு நல்லது நடக்கிறது என்று நாய் நினைக்க வேண்டும். பாடம் அவ்வளவுதான். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அவசரப்படக் கூடாது, அடிக்கவே கூடாது. உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

பக்கத்து வீட்டு அத்தை தூக்குச்சட்டியோடு நின்று பார்த்தாள்.

“என்னட்டி, நாய்க்கு லஞ்சம் குடுக்கியா?”

“சம்பளம் அத்தை. நீங்க சம்பளம் இல்லாம தீப்பெட்டி ஆபீசுக்குப் போவீயளா?”

“நான் யாரையும் கடிக்கலையே.”

“அத மாமாகிட்டல்லா கேக்கணும்.”

காலையில் நாய் தேறிக்கொண்டே வந்தது. அத்தை வாசல் வரை வந்தாலும் என் கையைத்தான் பார்த்தது. சாயங்காலம் ஆனால் போதும், பழைய ரவுடி. வெயிலா, பசியா, என்ன காரணம் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வலித்தது. ஒரு சாயங்காலம் களத்திலிருந்து முன்னதாகவே திரும்பியபோது காரணம் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

தெருவில் ஒருவர் மொபெட்டில் போனார். நாய் சங்கிலி தெறிக்கக் குரைத்தது. அப்பா தட்டிலிருந்து ஒரு கருவாட்டுத் தலையை எடுத்து, “அப்படிக் கேளு” என்று வீசினார்.

ஈரலை நான் சில வாரங்களாகத்தான் கொடுக்கிறேன். அப்பா இதை அது குட்டியாக இருந்ததிலிருந்தே செய்து வந்திருக்கிறார். குரைத்த அந்த நொடியே தீனி, கூடவே பாராட்டு. ஒருநாளும் தவறியதில்லை. எந்தப் பயிற்சி நிலையத்திலும் இவ்வளவு ஒழுங்கான ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

“என்னப்பா செய்யுதீங்க?”

“காவல் காக்குது, குடுக்கேன்.”

“யாவாரியக் கடிச்சதுக்கு அடிச்சீங்கள்லா?”

“அவிய வத்தல் எடுக்க வந்தவிய. நாய்க்கு அது தெரிய வேண்டாமா?”

“யாரு யாவாரி, யாரு களவாணின்னு பாக்க நாய் என்ன, மார்க்கெட் கமிட்டியா? இனிமே சும்மா இருந்தா மட்டும் போடுங்க.”

“சும்மா இருக்கதுக்கு யாராவது கருவாடு போடுவாங்களா?”

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “பறிப்பு இல்லாத நாளெல்லாம் சீட்டாடிட்டு வாறவுகளுக்கு நான் போடலையா?”

அப்பா தட்டை வழித்துவிட்டு எழுந்தார். மறுநாளிலிருந்து, ஆள் போகும்போது நாய் வாயை மூடியிருந்தால், ஏதோ அநியாயத்துக்குத் துணைபோவதைப் போன்ற முகத்தோடு, ஒரு துண்டு கருவாடு வீசினார்.

இரண்டாம் பறிப்பு காய்ந்ததும் வியாபாரி வந்தார். வாசலிலேயே நின்றார். அவர் கையில் கம்பு இருந்தது. நாய் எழுந்தது, காது விறைத்தது. நான் சங்கிலியைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டேன். அது அவரைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. ஈரலைக் கொடுத்தேன். அவர் ஓர் எட்டு வைத்தார், இன்னொரு துண்டு. அப்படியே எங்களைக் கடந்து போய், முற்றத்தில் கொட்டி வைத்திருந்த வத்தல் குவியலுக்குள் கையை விட்டார்.

“நாய மாத்திட்டீயளா அண்ணாச்சி?”

“அதே நாய்தான்” என்றார் அப்பா. “நாந்தான் பழக்குனேன். அடிக்கப்பிடாது. பொறுமை வேணும்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் நாயைப் பார்த்தேன். வியாபாரி அன்று அத்தனை வத்தலையும் எடைபோட்டு எடுத்துக்கொண்டு போனார். நாய்க்கென்று அப்பா எடுத்து வைத்திருந்த சாக்கிலும் வத்தல்தான் போயிற்று.

வெளியாள் வந்தால் இப்போதும் அதைக் கட்டித்தான் வைக்கிறோம். சங்கிலி இல்லாமல் நம்புகிற அளவுக்கு அது திருந்தவில்லை. அப்பா அதைவிட வேகமாகத் திருந்திவிட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் கடிநாயோடு வந்தால் கட்டிலில் உட்கார்ந்து வகுப்பு எடுக்கிறார். தப்பாகச் சொன்னால் நான் உள்ளிருந்தே திருத்துகிறேன்.

“அது எம் மக” என்கிறார் அவர்களிடம். “டிகிரி படிச்சவ. அவளுக்கும் கொஞ்சம் தெரியும்.”