அண்ணை எங்கும் போய்த் திரும்பி வரவில்லை

எங்கள் அண்ணை தெல்லிப்பழையில், கிறிஸ்தவக் குடும்பமொன்றில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசித் தங்கச்சி. நினைவு மலரென்றால் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டுமாம். தொடங்கிவிட்டேன். மேலே போகுமுன் ஒன்றைத் திருத்த வேண்டும்.

அண்ணையின் அடக்க ஆராதனையில் எங்கள் போதகர், வேதத்தைக் கேள்வி கேட்ட மாஸ்ரர் கடைசியில் மனந்திரும்பி ஆண்டவரிடம் வந்தார் என்று பிரசங்கித்தார். அது பொய். பெட்டியில் கிடந்தவரால் பதில் சொல்ல முடியாது. நானாவது எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பிழைக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த முப்பத்தோராம் நாளில் மலரை வாங்கிப் போகிற நீங்கள், அண்ணையை வழிதவறிப் போனவராக நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

அப்பா காலமானபோது அண்ணைக்குப் பதினேழு வயது. விடியத் தோட்டத்துக்கு இறைத்துவிட்டுப் படிக்கப் போவார். அப்படிப் படித்துத்தான் புவியியல் ஆசிரியரானார், எங்கள் நாலு பேரையும் கரைசேர்த்தார். ஒருமுறை எங்கள் கிணற்றை ஆழமாக்க வெடி வைத்தபோது ஒரு கல் மேலே வந்தது. சுண்ணாம்புக் கல். உள்ளே சிப்பிகளும் பவளக் கிளைகளும் பதிந்திருந்தன. கிணறு வெட்டியவர்கள் எறியப்போனதை அண்ணை வாங்கிக் கழுவி, வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நாங்கள் இருக்கிற தரை முழுவதும் ஒருகாலத்தில் கடலுக்கடியில் வளர்ந்தது என்றார்.

சண்டைக்குள் இடம்பெயர்ந்து கோப்பாய்க்கு ஓடியபோது, சைக்கிள் கரியரில் அந்தக் கல்லையும் வைத்துக் கட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"உடுப்புக்கு இடமில்லை, உந்தக் கல்லுக்கு இடமிருக்கோ?" என்று கேட்டேன்.

"உடுப்பு நாளைக்கும் தைக்கலாம். உந்தக் கல்லைச் செய்யக் கடவுளுக்குக் கனகாலம் எடுத்தது" என்றார்.

ஊர் திரும்பிய பிறகு ஞாயிறு பாடசாலையில் படிப்பித்தார். படைப்பு அதிகாரம் வந்த கிழமை கல்லைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். சூரியன் நாலாம் நாள்தான் வருகிறது, அப்படியென்றால் முதல் மூன்று நாளையும் எந்த மணிக்கூட்டால் அளப்பது என்று பிள்ளைகளைக் கேட்டார். சில நட்சத்திரங்களின் ஒளி, மனிதரே இல்லாத காலத்தில் புறப்பட்டு இன்றைக்குத்தான் எங்கள் கண்ணுக்கு வருகிறது, ஆகவே கடவுளுடைய நாளை எங்கள் வீட்டுக் கலண்டரில் தேட வேண்டாம் என்றார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

சபைக் குழு கூப்பிட்டு விசாரித்தது. சிப்பிகளை நோவாவின் வெள்ளம் கொண்டுவந்து போட்டது என்றார் ஒருவர். வெள்ளம் போட்டதென்றால் எல்லாம் உடைந்து குழம்பியல்லவா கிடக்கும், இந்தப் பவளம் வளர்ந்தபடியே நிமிர்ந்து நிற்கிறதே என்று அண்ணை காட்டினார். அப்படியென்றால் கடவுள் கல்லைப் படைக்கும்போதே பழசாகத் தெரியும்படி படைத்திருப்பார் என்றார் செயலாளர்.

"கடவுள் எங்களை ஏமாத்திற ஆள் எண்டு நான் பிள்ளையளுக்குப் படிப்பிக்கமாட்டன்" என்றார் அண்ணை.

அடுத்த கிழமை, இனிப் படிப்பிக்க வர வேண்டாமென்று கடிதம் வந்தது. முகத்துக்கு முன்னால் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. அவரிடம் படித்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்தக் குழுவில் ஒருவரும் அந்த அதிகாரத்தை அவரைப்போல வாசித்ததில்லை. ஒரு நாளென்றால் இத்தனை கோடி வருடமென்று கணக்குப் பொருத்தி வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய புத்தகத்தையும் அவர் ஏற்கவில்லை. வேதத்தை ரப்பர் மாதிரி இழுக்கக் கூடாது, ஆர் படைத்தார் என்று சொல்லத்தான் அது எழுதப்பட்டது, எப்படி என்பதற்குக் கல்லையும் வானத்தையும் பார்க்கச் சொல்லிக் கடவுள் கண்ணைத் தந்திருக்கிறார் என்பார். கடிதம் வந்த பிறகும் ஒரு ஞாயிறுகூட அவர் எங்கள் சபைக் கோயிலுக்குப் போகாமல் விடவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருக்கத்தான் ஆட்கள் யோசித்தார்கள்.

இனி அந்தக் கடைசி நாள். ஆசுப்பத்திரியில் மூச்சுவிடக் கஷ்டப்பட்டுக்கொண்டு கிடந்தார். நான் கட்டிலடியில் நின்றேன். போதகர் வந்து என்ன வாசிக்கட்டும் என்று கேட்டார். எங்கள் சபையில் படுக்கையில் கிடக்கிறவர்கள் மேய்ப்பன் சங்கீதத்தைத்தான் கேட்பார்கள். அண்ணை ஆதியாகமம் முதலாம் அதிகாரம் என்றார். போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த அதிகாரத்துக்காக நிறுத்தப்பட்டாரோ அதையே கேட்கிறார், ஆகவே மனம் மாறிவிட்டார் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். என்னைக் கேட்டிருக்கலாம். நாற்பது வருடமாக ஒவ்வொரு மாதப் பிறப்பிலும் அண்ணை அந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசித்ததைச் சொல்லியிருப்பேன்.

வாசித்து முடிந்ததும் அண்ணை சொன்னது இவ்வளவுதான்: "முழுக்க வாசிச்சதுக்குச் சந்தோசம் ஐயா. கனபேர் இடையிலை விட்டிடுவினம்."

இதில் மனந்திரும்புதல் எங்கே இருக்கிறது?

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் போதகரிடம் போனேன்.

"அக்கா, நான் நல்லதாத்தானே சொன்னனான். சனம் ஆறுதலாய்ப் போகட்டும் எண்டுதான்" என்றார்.

"ஆருக்கு ஆறுதல் ஐயா? அவரை நிப்பாட்டின ஆக்களுக்கோ?"

முப்பத்தோராம் நாள் ஆராதனையில் ஒரு வசனத்திலாவது திருத்திச் சொல்லும்படி கேட்டேன். குழுவைக் கேட்க வேண்டும் என்றார். குழுவோ, அச்சுக்குப் போகுமுன் இந்தக் கட்டுரையைத் தங்களுக்குக் காட்டச் சொல்லி ஆளனுப்பியது. காட்டவில்லை.

அண்ணையை இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும், பந்தல் போட்ட அளவெட்டிச் சைவக்கார நண்பர்களுக்கும், செத்தவீட்டு மூன்று நாளும் சமைத்துத் தந்த அயலட்டைச் சனத்துக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. போதகருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அந்த அதிகாரத்தை அவர் ஒரு வரி விடாமல், அவசரப்படாமல், நல்ல குரலில் வாசித்தார். அண்ணை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசிப்புக்கு நன்றி. பிரசங்கத்துக்கு இல்லை.