காதால் தேர்ந்தெடுத்த டெஸ்க்டாப்

1. திரும்பி வந்த லேப்டாப்

வேலை முடித்துக் கொடுத்த மூன்றாம் நாளே அந்த லேப்டாப் திரும்பி வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. கடைக்குள் வருகிறவர்களில் பாதிப் பேர் இன்னமும் "சார் இல்லையாம்மா?" என்றுதான் கேட்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, என் வேலையில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு எனக்கு ஏறிப்போயிருந்தது. அதனால் திரும்பி வரும் மெஷினைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

அதை முதலில் கொண்டுவந்தவர் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். "மச்சானுக்கு யக்கா. பழைய மெஷின். விண்டோஸ் பதினொண்ணு ஏறாதாம், பத்துக்கு இனி அப்டேட் கெடையாதாம். லினக்ஸ் போட்டுக் குடுங்க. அவ்வொ வாத்தியாரு, கேள்வித்தாள் அடிக்கணும். வேகமா இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பிவிட்டார்.

நான்கு ஜிபி ராம், வயதான பிராசஸர். ஃபைல்களை பேக்கப் எடுத்தேன், பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். லினக்ஸில் திரையின் முகப்பையும் மெனுக்களையும் காட்டுகிற புரோகிராமுக்கு டெஸ்க்டாப் என்று பெயர், அதில் பல வகை உண்டு. எல்லோருக்கும் நான் போடுகிற, மெஷினுக்குப் பாரமே தராத டெஸ்க்டாப்பையே இதற்கும் போட்டேன். பட்டனை அழுத்திவிட்டுத் தலையைத் திருப்பினால், திரை தயாராகியிருக்கும். அப்படி ஒரு வேகம். எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

"யக்கா, இது பேச மாட்டேங்கு" என்றார் வந்தவர்.

"ஸ்பீக்கர் போச்சா சார்?" என்று குனிந்தபடியே கேட்டேன். கையில் வேறொரு போர்டு இருந்தது.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. ஆர்காவத்தான் காணோம்."

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கையில் லேப்டாப் பை, மறு கையில் வெள்ளைக் கோல். அவர்தான் சேவியர் சார். உவரிக்காரர், இங்கே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பிளஸ் டூவுக்கு வரலாறு எடுக்கிறவர். பிறவியிலேயே பார்வை இல்லை. லேப்டாப்பைக் கொண்டுவந்த மைத்துனருக்கு அது பழகிப்போன விஷயம், சொல்லத் தோன்றவில்லை. நானும் ராம் எவ்வளவு என்று பார்த்தேனே தவிர, ஆள் எப்படி என்று கேட்கவில்லை.

2. துடைப்பம்

ஆர்கா என்பது திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர். பல லினக்ஸ்களில் அது கூடவே வரும். இந்த மெஷினில் எப்படி இல்லாமல் போனது என்று யோசித்தேன்.

லினக்ஸ் போட்டு முடித்ததும் ஒரு ஸ்கிரிப்ட் ஓடவிடுவேன். நானே எழுதியது, பெயர் துடைப்பம். விளையாட்டுகள், ஸ்கேனர் சமாச்சாரங்கள், யூஎஸ்பியில் ஏதாவது போர்டை மாட்டினால் முந்திக்கொண்டு வந்து பிடித்துக்கொள்ளும் பிரெயில் புரோகிராம் என்று வேண்டாததையெல்லாம் தூக்கிவிடும். திறந்து பார்த்தேன். பதினோராவது வரியில் ஆர்கா இருந்தது. எத்தனையோ வருடங்களுக்கு முன் என் கையால் அடித்த வரி.

"நான்தான் சார் எடுத்துட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"யாருக்கும் தேவைப்படாதுன்னு நெனச்சேன்."

"யாருக்கும்னா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அவர் இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவ்வளவு வெட்கமாக இருந்தது எனக்கு.

அவருக்கு அவசரம் வேறு. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள திருப்புதல் தேர்வு கேள்வித்தாள் ஹெச்.எம். கையில இருக்கணும். இல்லன்னா வேற ஒரு சார வச்சு அடிச்சிருதேன்னு சொல்லுதாவ."

"அவரு அடிச்சா என்ன சார்?"

"நான் வேலைக்குச் சேந்த வருசம் அப்படித்தான் ஒருத்தர் அடிச்சுக் குடுத்தாரு. கேள்வி வெளிய போயிட்டு. போட்டது நான், அதனால கெட்ட பேரும் எனக்குத்தான். பிறகு ஸ்க்ரீன் ரீடர் படிச்சு நானே அடிக்க ஆரம்பிச்சேன். பன்னெண்டு வருசமா என் கேள்வித்தாள் பரீட்சைக்கு முந்தி வேற ஒரு வாத்தியார் கண்ணுல பட்டதில்ல. இந்த வருசம் படணுமாக்கும்?"

கையிலிருந்த போர்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன்.

3. மூன்று டெஸ்க்டாப்

முதலில் என் செல்ல டெஸ்க்டாப்பிலேயே ஆர்காவைத் திரும்பப் போட்டேன். சேவியர் சார் டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனார். "வாசல் வரைக்கும் பேசுது. உள்ள போனா ஊமையாயிருது" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிரைட்னஸை பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு நானும் முயன்றேன். இரண்டாவது மெனுவிலேயே எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் முழித்தேன். இருபது வருட சர்வீஸ்காரி நான்.

அடுத்து, க்னோம் என்ற வேறொரு டெஸ்க்டாப் இருந்த பென் டிரைவைச் செருகினேன். எல்லாவற்றையும் ஒழுங்காக வாசித்தது. ஆனால் நான்கு ஜிபி ராமில் அது திணறியது. "மூணாவது எழுத்து அடிக்கும்போது மொத எழுத்தச் சொல்லுது. இத வச்சு ஒரு பக்கம் அடிக்கதுக்குள்ள பிளஸ் டூ முடிஞ்சிரும்" என்றார்.

மூன்றாவது மேட்டே டெஸ்க்டாப். பார்க்கப் பழைய பாணியாக இருக்கிறது என்று நான் ஒதுக்கி வைத்திருந்தது. இன்ஸ்டால் பண்ணாமல் பென் டிரைவிலிருந்தே பூட் ஆனதும், ஆர்காவை எழுப்புகிற ஆல்ட், சூப்பர், எஸ் விசைகள் மூன்றையும் அவரே சேர்த்து அழுத்தினார். உடனே குரல் வந்தது. மெனு, பேனல், ஃபைல் மேனேஜர், லிப்ரே ஆபீஸ் எதிலும் அது வாயை மூடவில்லை. பேச்சின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். எனக்கு கிரைண்டரில் அரிசியைப் போட்டதுபோல ஒரு சத்தம்தான் கேட்டது.

"என்ன சார் சொல்லுது?"

"கட்டளையெல்லாம் வரிசையாச் சொல்லுது. ஒங்களுக்கு வேகம்னா மெஷின் திறக்க நேரம். எனக்கு வேகம்னா இதுதான்."

தமிழ்க் குரல் மட்டும் கட்டையாக இருந்தது. வெளியூர்க்காரர் புத்தகம் வைத்து வாசிப்பதுபோல் உச்சரித்தது. "திருத்தலாம் சார்" என்றேன், எப்படி என்று தெரியாமலே. "இருக்கட்டும், எனக்குப் புரியுதுல்லா" என்றார்.

இன்ஸ்டால் பண்ண என் கை தானாகக் கீபோர்டை நோக்கிப் போனது. அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "பைய இருங்க யக்கா. நானே போடுதேன். நாளப்பின்ன கோளாறு வந்தா ஒவ்வொரு தடவையும் ஒங்களத் தேடி வர முடியுமா?" இன்ஸ்டாலர் வாசித்தது, அவர் பதில் கொடுத்தார். டிஸ்கை அழிக்கட்டுமா என்று அது கேட்ட இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒருமுறை திரும்ப வாசிக்கவைத்துக் கேட்டுவிட்டு என்டர் தட்டினார். அரை மணி நேரத்தில் முடிந்தது. பேக்கப்பை ஏற்றி, தமிழ்99 கீபோர்டைச் சேர்த்தது மட்டும்தான் என் வேலை.

"இங்கனயே கொஞ்சம் அடிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டு ஹெட்போனை மாட்டினார். நான் ஸ்டூலை இழுத்து அருகில் போட்டு உட்கார்ந்தேன்.

"ஸ்க்ரீன் வெளிச்சத்தை அணைச்சிருங்க யக்கா" என்றார்.

"ஏன் சார்?"

"கேள்வித்தாள்லா."

அணைத்தேன். கறுத்த திரைக்கு முன்னால் அவருடைய பத்து விரல்களும் ஓடிக்கொண்டிருந்தன. அருகில் இருந்த எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் எந்த மெஷினைச் சரிசெய்தபோதும் வந்ததில்லை.

4. புதுப் பிள்ளைகளுக்கு

பதினோராவது வரியையும் பிரெயில் வரியையும் அன்றே எடுத்துவிட்டேன். அதற்கு முன் அந்த ஸ்கிரிப்ட் ஓடிய மெஷின்களை நினைத்தால் இன்றும் மனசு குத்துகிறது. நம்பர் இருந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். மூன்று பேர் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், எந்த லினக்ஸ், எந்த டெஸ்க்டாப் நல்லது என்று என்னிடம் கேட்கிறீர்கள். மெஷினைத் திறக்கும் முன், அதில் உட்காரப் போகிறவரைக் கூட்டிவரச் சொல்லுங்கள். அவர் எப்படி வேலை செய்கிறார் என்று பத்து நிமிடம் பாருங்கள். பதில் அங்கே கிடைத்துவிடும். ராம் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சேவியர் சார் மறுநாள் மத்தியானமே கேள்வித்தாளை ஹெச்.எம். கையில் கொடுத்துவிட்டார். தேர்வு நாளன்று பகல் ஒரு மணிக்கு என் போனுக்கு ஒரு ஃபைல் வந்தது, கூடவே அவர் குரலில் ஒரு செய்தி.

"பரீட்சை முடிஞ்சிட்டு யக்கா. இனி நீங்க பாக்கலாம்."