மழை நாளில் குடிக்காதவர்

“உங்க அப்பா எந்த நாளில் குடிக்க மாட்டார்?”

2012 ஏப்ரலில், நாகர்கோவிலில் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் ஓர் இல்லத்தில், நேசபாய் என்கிற ஆலோசகர் என்னிடம் இப்படிக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குடித்த நாட்களைப் பற்றிக் கேட்டிருந்தால் எவ்வளவோ சொல்லியிருப்பேன்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, அப்பா அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்துக் கிணற்றுச் சுவரில் மோதினார். முன்பற்கள் இரண்டு போயின. அம்மா இரத்தத்தோடு பல்லைத் துப்பிவிட்டு, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடுப்பில் பொங்கிய சோற்றுப் பானையைப் போய் இறக்கினாள். நான் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது அப்பா வீசிய ரப்பர் பால்வெட்டுக் கத்தி என் முதுகில் வந்து விழுந்தது. ஏழு தையல். ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னோம். எங்கள் வீட்டில் பொய் சொல்ல யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்பாவின் பெயர் ஆன்ட்ரூஸ். குழித்துறைக்கு வடக்கே எங்கள் ஊர். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது அவர் வேலை. அவர் கத்தி பட்டால் மரத்துக்கு நோகாது என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள். வெட்டியெடுத்த பாலை டிஷ் என்கிற தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைத்து, மெஷினின் இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றினால் அது ஷீட்டாக வெளியே வரும். அந்த ஒரு வேலையை மட்டும் அப்பா செய்ய மாட்டார். முக்கில், அதாவது ஊர்ச் சந்தியில், இருந்த மெஷின் ஷெட்டில் பாலைக் கொண்டுபோய் வைப்பார். ஷீட் அடிக்க வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டு, பக்கத்திலிருந்த பிராந்திக்கடைக்குள் போய்விடுவார்.

மழைக்காலத்தில் பால்வெட்டு கிடையாது. ஊரில் மற்றவர்கள் அப்போதுதான் அதிகம் குடிப்பார்கள். அப்பா மட்டும் குடிக்க மாட்டார். சாயாக்கடைப் பொன்னுலிங்கம் இதை வைத்து எப்போதும் கிண்டலடிப்பார்.

“ஏலே ஆன்ட்ரூசே, வானம் வெளுத்தா குடிகாரன், கறுத்தா சபை மூப்பனா நீ?”

“மழையில குடிச்சா சளி பிடிக்கும் ஓய்.”

எல்லோரும் சிரிப்பார்கள். வேலை இல்லை, கையில் காசு இல்லை, அதனால் குடிக்கவில்லை என்றுதான் நாங்களும் நினைத்தோம். அதனால்தான் நேசபாயிடம் இதைச் சொல்லத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து அப்பா அந்தச் சிகிச்சை இல்லத்திலிருந்து வீட்டுக்கு வந்தார். ஜூனிலும் ஜூலையிலும் நல்ல மழை. அவர் குடிக்கவில்லை. தங்கை ஜெமிக்கு அப்போது ஏழு வயது. அவளுக்குக் குடை பிடித்துப் பள்ளிக்கூடம் வரை போய் விட்டுவிட்டு வந்தார். அம்மாவுக்கு ஒரே பயம்தான். மழை விட்டதும் பாலை முக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கடை இருக்கிறது. அதற்கு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். இறந்துபோன தாத்தா ராஜையனின் மெஷின் பழைய வீட்டில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால்?

“அது வேண்டாம் பேபி” என்று அம்மாவின் பெயரைச் சொல்லி மறுத்தார் அப்பா.

“ஏன்?”

“வேண்டாம்னா வேண்டாம்.”

“முக்குக்குப் போக நிங்களுக்கு ஒரு சாக்கு வேணும். அதானே?”

அப்பா எழுந்து போனார். மறுநாள் மெஷின் ஜீப்பில் வந்து இறங்கியது. சமையலறைக்குப் பின்னால் சிமெண்டுத் திட்டு கட்டி அதன்மேல் நிறுத்தினோம். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். பாஸ்டர் வந்து அதற்கும் சேர்த்து ஜெபம் பண்ணினார்.

மழை விட்டதும் எட்டு நாள் அம்மாவும் நானும் ஷீட் அடித்தோம். சக்கரம் கிறீச்சிட ஆரம்பித்ததும் அப்பா வெளியே போய்விடுவார். சரியாகத் தூங்கவில்லை. குடிக்கவும் இல்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம் அம்மாவின் தோள் வீங்கியிருந்தது.

“இன்னைக்கு மட்டும் நிங்க சுத்துங்க. நான் பிடிக்கேன்.”

அப்பா சக்கரத்தைப் பிடித்தார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. நான்கு ஷீட் முடிந்தபோது, பூனையைத் துரத்திக்கொண்டு வந்த ஜெமி டிஷ்ஷைத் தட்டிவிட்டாள். உறையாத பால் தரையெல்லாம் வெள்ளையாய்ப் பரவியது.

“பால் கொட்டின கை எது? ஏலே, எந்தக் கை?”

அது அப்பாவின் குரலே இல்லை. ஜெமியின் மணிக்கட்டைப் பிடித்து அவளைத் தரதரவென்று மெஷினுக்கு இழுத்தார். அவள் கத்தினாள். மூத்திரம் போய்விட்டாள். அவளுடைய விரல் நுனி உருளையில் பட்டதை நான் பார்த்தேன். சக்கரம் சுற்றாமலிருக்க அதன் கம்பிகளுக்குள் என் கையை விட்டு முழு பலத்தோடு தொங்கினேன். அம்மா காலி டிஷ்ஷை எடுத்து, அதன் விளிம்பால் அப்பாவின் நெற்றியில் அடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியில் தோல் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அப்பாவின் பிடி தளர்ந்தது.

“கொன்னுருவேன்! எனக்க பிள்ளைய இனி தொட்டா கொன்னுருவேன்!”

அப்பா பாலுக்குள்ளேயே உட்கார்ந்தார். அன்று அவர் வாயில் ஒரு சொட்டுப் பிராந்தி கிடையாது. தன் இடது கையை விரித்துப் பார்த்தார். அதில் இரண்டு விரல்கள் தட்டையாய், நகமில்லாமல் இருக்கும். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கியது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

“கதவு இல்ல பேபி. எனக்க அப்பன் இதுலதான் வச்சு ரெண்டு சுத்து சுத்தினாரு. நான் பால் கொட்டினேன்னு.”

அப்போது அவருக்கும் ஏழு வயது.

அதைச் சொல்லிவிட்டு எழுந்து, இரத்தத்தைத் துடைக்காமலேயே கடைக்குப் போனார். யாரும் தடுக்கவில்லை. நன்றாகக் குடித்தார். மறுநாள் காலையில் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு, “என்ன திரும்ப அங்க கொண்டு விடுங்க. இல்லேன்னா இந்தப் பிள்ளைய நான் கொன்னுருவேன்” என்றார்.

நேசபாய் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு எங்களுக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஆபத்து வந்தால் மணி அடிக்க மூளையில் ஒரு பகுதி இருக்கிறது. ‘பயப்படாதே, இது ஒன்றுமில்லை’ என்று அதை அடக்க இன்னொரு பகுதியும் இருக்கிறது. சின்ன வயதில் ஓயாமல் அடிபடும் பிள்ளைகள் பலருக்கு முதலாவது எப்போதும் விழித்தே இருக்கப் பழகிவிடும். இரண்டாவது பலம் பெறுவதில்லை. வளர்ந்த பிறகும் ஒரு சத்தமோ ஒரு நாற்றமோ போதும். உடம்பு அந்தப் பழைய நாளுக்கே போய்விடும். குடித்தால் மணி கொஞ்ச நேரம் கேட்காது. மழைக்காலத்தில் மெஷின் சத்தமே இல்லாததால் அப்பாவுக்குக் குடி தேவைப்படவில்லை. அவ்வளவுதான்.

“நாங்க குடிய மட்டும் நிறுத்தினோம். மணிய விட்டுட்டோம். அது எங்க தப்பும்தான்” என்றார் அவர்.

“அப்போ இவரு செய்ததுக்கெல்லாம் மாமனாருதான் பொறுப்பா?” என்று கேட்டாள் அம்மா. பல் போன இடத்தில் நாக்கு தெரிந்தது.

“இல்ல. ஏன் செய்தாருன்னு இப்போ நமக்குத் தெரியும். செய்தது அவருதான்.”

இந்த முறை நான்கு மாதம் ஆனது. மருந்தோடு, ஏழு வயதில் விரல் நசுங்கிய அந்த நாளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். முதலில் சொன்னபோது வாந்தி எடுத்தாராம். திரும்பி வந்ததும் மெஷினை ஒவ்வொரு போல்ட்டாக அவரே கழற்றினார். முடியாதபோது நிறுத்திவிட்டு வெளியே போய்விடுவார். அதற்கு ஐந்து நாள் பிடித்தது. பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்க்கடை வண்டியில் ஏற்றிவிட்ட பிறகு ஜெமியைக் கூப்பிட்டார்.

“மக்கா, இஞ்ச வா. அப்பா ஒரு காரியம் சொல்லணும்.”

“நான் வர மாட்டேன். அங்கயே நின்னு சொல்லுங்க.”

அங்கேயே நின்று மன்னிப்புக் கேட்டார். அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

இப்போது 2016. எங்கள் வீட்டில் ஷீட் அடிப்பதில்லை. பாலைப் பாலாகவே கேனில் கொடுத்துவிடுகிறோம். இடையில் அப்பா இரண்டு தடவை குடித்தார். இரண்டு தடவையும் மறுநாளே நேசபாயிடம் போனார். கடைசியாகக் குடித்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு யாரையும் அடிக்கவில்லை. ஜெமி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஆனால் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தால் அவளுடைய இரண்டு கைகளும் தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விடுகின்றன. அப்பா அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். மாதம் ஒரு முறை அவளையும் நேசபாயிடம் கூட்டிப் போகிறார். இந்த மணி அவளோடு முடிந்துபோக வேண்டும் என்பதற்காக.

அப்பாவிடம் கேட்டுத்தான் எழுதினேன். “பேரை மாத்தாத” என்றார்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ‘அவன் காரணமே இல்லாமல் குடிக்கிறான்’ என்று பேசுகிற ஒரு வீட்டை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அடி வாங்குகிறவர்களை முதலில் அங்கிருந்து வெளியே கூட்டி வாருங்கள். பிறகு அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லி, அந்த மனிதர் குடிக்காத நாட்கள் எவை என்று யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதினாறு வயதில் என்னால் சொல்ல முடியாத பதிலை அவர்களாவது சீக்கிரம் சொல்லிவிடட்டும்.